கண்ணை எங்கே வைப்பது? டெல் டோரோவின் குறிப்பேடுகளும் நம் மாணவர்களின் பேய்களும்

நம் மாணவர்கள் எழுதும் கதைகளில் வரும் பேய்கள் எல்லாம் ஒரே பேய்தான். சிவந்த கண்கள், கோரைப் பற்கள், விரித்த கூந்தல், இரத்தத்தை உறையவைக்கும் அலறல். உயர்நிலை ஒன்றில் வந்த அதே பேய், உயர்நிலை நான்கிலும் கொஞ்சம்கூட வயதாகாமல் வந்து நிற்கிறது. அதன் கண் ஏன் சிவந்தது? அழுததாலா, தூங்காததாலா, புகையில் கிடந்ததாலா? எழுதிய பிள்ளைக்கும் தெரியாது, மொழிவளத்துக்கு மதிப்பெண் போடும் நமக்கும் தெரியாது. நாமும் கேட்பதில்லை. அந்தச் சொற்றொடர்களைத் தாளில் அச்சடித்து மனனம் செய்யச் சொன்னவர்கள் நாம்தானே!

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும் நூல் ஒன்று உண்டு. தமிழ் நூல் அல்ல, ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டதும் அல்ல. மெக்சிகோவில் பிறந்த திகில் பட இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ பல ஆண்டுகளாகத் தம் கைப்பட எழுதி, வரைந்து வந்த குறிப்பேடுகளின் பக்கங்களைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த 'கேபினெட் ஆஃப் கியூரியாசிட்டிஸ்'. இதே பெயரில் 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு. மார்க் ஸ்காட் ஸிக்ரி என்பவர் டெல் டோரோவுடன் உரையாடி இதை உருவாக்கியிருக்கிறார். குறிப்பேட்டுப் பக்கங்களின் நிழற்படங்களுக்கு இடையிடையே அந்த உரையாடல்கள் வருகின்றன.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'மான்ஸ்டர்' என்பதற்குப் பேய், அரக்கன், பூதம் என்று எதைப் போட்டாலும் ஏதோ ஒன்று நழுவிப்போகிறது. இங்கே 'பூதம்' என்றே வைத்துக்கொள்கிறேன். மனம் ஒப்பாதவர்கள் தங்களுக்குப் பிடித்த சொல்லைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டைத் திறந்தவுடன் கண்ணில் படுவது படம் அல்ல, எழுத்து. ஒரு பூதத்தின் தலையோ கையோ பக்கத்தில் நிற்கும். அதைச் சுற்றிலும், ஓரத்திலும், இடுக்கிலும் பொடி எழுத்தில் குறிப்புகள். ஸ்பானிய மொழியில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவும், மறுபடி திரும்பும். ஒரு படத்துக்கான குறிப்புக்குப் பக்கத்திலேயே வேறு படத்துக்கான யோசனை கிடக்கும். 'ஹெல்பாய்' வேலை நடக்கும்போதே அடுத்த படத்தின் சிறுமி மனதுக்குள் நடமாடத் தொடங்கிவிடுகிறாள். இந்த ஏடுகளில் ஒன்றை 'பான்ஸ் லேபிரிந்த்' படத்தின் முன்தயாரிப்புக் காலத்தில் அவர் லண்டனில் ஒரு டாக்சியில் விட்டுவிட்டு இறங்கிவிட்டாராம். ஓட்டுநர் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கொடுக்காமல் போயிருந்தால் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். படங்களின் அழகைப் பார்த்து வியப்பதற்காக இந்த நூலை நான் பரிந்துரைக்கவில்லை. டெல் டோரோ நன்றாகத்தான் வரைகிறார், ஆனால் அவரைவிட நன்றாக வரைபவர்கள் அவருடைய குழுவிலேயே இருந்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அவருடைய பூதத்தின் உடம்பில் காரணம் இல்லாமல் ஓர் உறுப்புகூட இருப்பதில்லை. அந்த உடம்பை வாசிக்கத் தெரிந்தவருக்கு அதன் வாழ்க்கை வரலாறு முழுவதும் கிடைத்துவிடும்.

எளிய எடுத்துக்காட்டு, 2001-இல் வந்த 'த டெவில்ஸ் பேக்போன்' படத்துச் சிறுவன் சான்டி. ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலம். ஓர் அனாதை இல்லம். முற்றத்தில் வெடிக்காமல் நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு குண்டு. அங்கே ஆவியாக அலையும் பையன்தான் சான்டி. அவன் முகம் விரிசல் விட்ட பீங்கான் பொம்மையைப் போல் இருக்கிறது. நெற்றிக் காயத்திலிருந்து இரத்தம் கசிகிறது. ஆனால் அந்த இரத்தம் கீழே வழியவில்லை. மேலே, காற்றில், புகைபோல மிதந்து போகிறது. ஏன்? மண்டை உடைந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போடப்பட்டவன் அவன். தண்ணீருக்குள் இரத்தம் அப்படித்தான் கலையும். செத்த பிறகும் தன் மரணத்தைக் கூடவே சுமந்துகொண்டு திரிகிறான். தாழ்வாரத்தில் காற்றில் நடந்தாலும் அவனைச் சுற்றி இருப்பது அந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

'அவன் தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டான்' என்று யாரும் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே அந்த உடம்பு சொல்லிவிடுகிறது. அது மட்டுமல்ல, பயம் மெல்ல இரக்கமாக மாறுவதும் இந்த ஒரு நுணுக்கத்தால்தான். இரத்தம் சாதாரணமாக வழிந்திருந்தால் அது திகில் பட மேக்கப், அவ்வளவுதான்.

மேக்கப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. டெல் டோரோ அந்தத் தொழிலையே கற்றவர். 'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தின் பாடத்திட்டத்தில் பயின்று, மெக்சிகோவில் சொந்தமாக ஓர் ஒப்பனை நிறுவனம் நடத்தி, அதன் பிறகே இயக்குநரானார். அதனால் தாளில் வரையும்போதே 'இதை இரப்பரில் எப்படிச் செய்வது, உள்ளே இருக்கும் நடிகர் எப்படி மூச்சு விடுவார்' என்று கணக்குப் போடும் மனம் அவருக்கு.

இப்போது அந்தப் புகழ்பெற்ற பூதம். 2006-இல் வந்த 'பான்ஸ் லேபிரிந்த்' படத்தின் வெளிறிய மனிதன். கதை நடப்பது 1944-ஆம் ஆண்டு ஸ்பெயினில். பிராங்கோவின் ஆட்சி வேரூன்றிவிட்டது. ஒஃபீலியா என்ற சிறுமியின் தாய், கேப்டன் விடால் என்னும் கொடியவனை மறுமணம் செய்திருக்கிறாள். சிறுமிக்கு நிலத்தடி உலகத்திலிருந்து மூன்று சோதனைகள் வருகின்றன. அவற்றில் ஒன்றில், பலகாரங்களும் பழங்களும் குவிந்த நீண்ட மேசையின் தலைமாட்டில் ஓர் உருவம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் கண் இல்லை. கண்கள் இரண்டும் எதிரே ஒரு தட்டில் கிடக்கின்றன. எதையும் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையை மீறிச் சிறுமி இரண்டு திராட்சைகளை வாயில் போட்டுக்கொள்ள, அது விழிக்கிறது. தட்டிலிருந்த கண்களை எடுத்து உள்ளங்கைகளில் இருக்கும் ஓட்டைகளில் பொருத்திக்கொண்டு, கைகளை முகத்துக்கு நேரே விரித்துப் பார்க்கிறது. பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த உருவம் எப்படிப் பிறந்தது என்பதுதான் நமக்குப் பாடம். முதலில் டெல் டோரோ நினைத்தது ஒரு கிழவனை. ஒரு காலத்தில் மிகப் பருத்திருந்து, பிறகு மெலிந்து, தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கிழவன். அப்போது அவரே உடல் இளைத்துத் தம் தோல் தொங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அங்கிருந்துதான் அந்தத் தோல் வந்தது. சிற்பக் கலைஞர்கள் அந்தக் கிழவனுக்கு முகமும் செய்துவிட்டார்கள். நல்ல முகம்தான். ஆனால் இயக்குநர் அந்த முகத்தை எடுத்துவிடச் சொன்னார். மூக்குத் துளைகளும் வாயும் மட்டும் மிஞ்சட்டும் என்றார். கண்கள் உள்ளங்கைக்குப் போயின. கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவருக்கு உள்ளங்கை ஓட்டை என்றால் ஆணி அறைந்த இயேசுவின் திருக்காயம்தான். புனிதத்தின் அடையாளத்தைத் தூக்கிக் கொண்டுபோய் ஒரு குழந்தைத்தின்னியின் கையில் வைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்களேன். நம் மாணவர்கள் பயமுறுத்த நினைத்தால் என்ன செய்வார்கள்? சேர்ப்பார்கள். இரண்டு கொம்பு, நான்கு கை, இன்னும் நீளமான நாக்கு. டெல் டோரோ இருந்த முகத்தையும் எடுத்துவிட்டார். பயம் கூடியது எடுத்ததால்தான்.

அந்தத் தொங்கும் தோலுக்குத் திரும்புவோம். எதிரே விருந்து குவிந்திருக்கிறது. அது அதைத் தொடுவதில்லை. சுவரில் அது குழந்தைகளைக் கொல்லும் ஓவியங்கள். ஒரு மூலையில் குழந்தைகளின் காலணிகள் குவியலாக. அந்தக் குவியலைப் பார்த்தவுடன் நாஜி வதைமுகாம்கள் நினைவுக்கு வராமல் போகாது. வயிறு நிறையத் தின்ற உடம்பு, இப்போது பசித்துக் காத்திருக்கிறது என்பதை அந்தத் தோலே காட்டிவிடுகிறது. இன்னொரு காட்சியில் கேப்டன் விடாலும் இதேபோல நீண்ட மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து விருந்து கொடுக்கிறான். ஊர் மக்களின் ரொட்டியை எப்படி அளந்து கொடுப்பது என்பதுதான் அங்கே பேச்சு. பக்கத்தில் பாதிரியாரும் உட்கார்ந்து தட்டை நிரப்பிக்கொள்கிறார். திருக்காயம் ஏன் பூதத்தின் கையில் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? இரண்டு மேசையும் ஒரே மேசை. பூதத்தைத் தனியாக வடிவமைக்கவில்லை அவர். கதையின் அநீதியை எடுத்து அதற்கு உடம்பு கொடுத்திருக்கிறார்.

அதே படத்தில் வரும் ஃபான், ஆட்டுக்கால் கொண்ட வனதேவன், இன்னும் நுட்பமானது என்பது என் எண்ணம். முதலில் வரும்போது மூட்டுகள் மரம்போல் முனகும் கிழ உருவம். உடம்பெங்கும் பாசியும் வேரும். படம் போகப் போக அது இளமையாகிக்கொண்டே வருகிறது. அழகு கூடக் கூட நமக்கு அதன்மேல் நம்பிக்கை குறைகிறது. வழக்கமாக இதற்கு நேர்மாறாகத்தானே செய்வார்கள்? கெட்டது அசிங்கமாகிக்கொண்டே போகும், நல்லது ஒளிவீசும். நம் பாடநூல் கதைகளும் அப்படித்தான்.

1997-இன் 'மிமிக்' படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. படமாக அது சுமார்தான். ஆனால் அதன் பூச்சி அருமையான யோசனை. நோய் பரப்பும் கரப்பான்களைக் கொல்ல மனிதன் உருவாக்கிய பூச்சியினம், தன் எதிரியான மனிதனைப் போலவே உருமாறிவிடுகிறது. மேலங்கி போட்ட ஆள் இருட்டில் நிற்பதுபோல் தெரியும். கிட்டப் போனால் அந்த 'முகம்' முன்கால்கள் இரண்டும் சேர்ந்து செய்த முகமூடி. உயிரியல் பாடத்தில் படித்த தகவமைப்புதான், வேறொன்றும் இல்லை.

இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் கையிலேயே கலிங்கத்துப்பரணி இருக்கிறது. சயங்கொண்டார் பேய்களைப் பாடும் பகுதியில், பசியால் வற்றிய பேய்களை வருணித்ததோடு நிறுத்தவில்லை. ஒரு பேய்க்குக் கால் முடம் என்றால், அது எந்த மன்னன் பொருத களத்தில், எதில் வழுக்கி விழுந்து முடமானது என்றும் சொல்லிவிடுகிறார். வழுக்கியது சாதாரணச் சேறு அல்ல, மூளைச் சேறு! ஊனத்தின் வழியே ஒரு போரின் கொடூரம் நமக்குக் காட்டப்படுகிறது. டெல் டோரோ இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் உடம்பில் ஒரு குறை இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் பொது. நம்மில் எத்தனை பேர் பரணியை 'ஆயிரம் யானை' விளக்கத்தோடு நிறுத்திவிட்டு இந்தப் பகுதிக்கு மாணவர்களை அழைத்துப் போகிறோம்?

நூலின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் கேமரூனின் அணிந்துரை, டாம் குரூஸின் பின்னுரை, நடுநடுவே நண்பர்களின் பாராட்டுரைகள். நட்சத்திர இரவுக்குப் போனதுபோல் இருக்கிறது. அவற்றைத் தள்ளிவிட்டுப் போனால் ஒன்றும் இழப்பில்லை. உரையாடலிலும் ஸிக்ரி எதிர்க்கேள்வி கேட்பதே இல்லை. 'இந்த யோசனை தோற்றுப்போனது, ஏன்?' என்று இரண்டு இடத்தில் மடக்கியிருந்தால் நமக்கு இன்னும் நிறையக் கிடைத்திருக்கும்.

பெரிய குறை இன்னொன்று. குறிப்பேட்டை மட்டும் பார்ப்பவருக்கு, ஒரு மேதை தனியாக உட்கார்ந்து பூதத்தைப் பெற்றெடுத்தார் என்ற மயக்கம் வரும். அது உண்மையல்ல. ஃபானையும் வெளிறிய மனிதனையும் கையால் செய்தது டேவிட் மார்ட்டி, மான்ட்சே ரிபே இருவரின் ஸ்பானியக் குழு. ஒப்பனைக்கான ஆஸ்கார் விருது அவர்கள் இருவருக்குத்தான் போனது. இரண்டு பூதங்களுக்கு உள்ளேயும் இருந்தவர் டக் ஜோன்ஸ் என்ற ஒரே நடிகர். வெளிறிய மனிதனுக்குக் கண் இல்லையல்லவா, அதனால் மூக்குத் துளை வழியாகத்தான் அவரால் வெளியே பார்க்க முடிந்தது. அந்தத் தடுமாற்ற நடை பாதி நடிப்பு, பாதி நிஜம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாளில் இருக்கும் கோடு எப்படி நடக்கும் உருவமாகிறது என்ற இந்தப் பிற்பாதி நூலில் மெலிந்துபோய்விட்டது. மேலும் நூல் 2013-இன் 'பசிபிக் ரிம்' படத்தோடு நின்றுவிடுவதால், சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வென்ற 'த ஷேப் ஆஃப் வாட்டர்' படத்தின் நீர்மனிதனை இதில் தேடாதீர்கள்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? என் பயம் முதலில் இதுதான்: இதையும் நாம் ஒரு பயிற்சித்தாளாக மாற்றிவிடுவோம். 'பூதம் வடிவமைக்க ஐந்து படிகள்' என்று கட்டம் போட்டு, மாணவர்கள் கட்டத்தை நிரப்பி, அடுத்த ஆண்டு எல்லாப் பேய்க்கும் உள்ளங்கையில் கண் இருக்கும். சிவந்த கண் போய் உள்ளங்கைக் கண் வரும், அவ்வளவுதான் மாற்றம்.

நான் கட்டம் போடுவதில்லை. உயர்நிலை இரண்டில் இரண்டே கேள்வி கேட்பேன். அதன் உடம்பில் எது தேய்ந்திருக்கிறது? அது எதனால் தேய்ந்தது? முதலில் திருதிருவென்று விழிப்பார்கள். 'பேய்க்குத் தேயுமா சார்?' என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு மாணவன் வீவக புளோக்கின் மின்தூக்கியில் இருக்கும் பேயை எழுதினான். அதன் விரல்கள் தட்டையாகிப் போயிருந்தன. கதவு மூடிவிடாமல் பல ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டே இருப்பதால். யாருக்காகப் பிடிக்கிறது என்று கேட்டேன். 'பத்தாவது மாடிப் பாட்டிக்கு, அவங்க மெதுவாத்தான் வருவாங்க' என்றான். அந்தக் கட்டுரையில் 'பயங்கரமான' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எழுத்துப் பிழைகள் ஏராளம், அது வேறு கதை.

இன்னொன்று, நம்மில் பலருக்குப் பிடிக்காமல் போகலாம். குறிப்பேடு என்பது தூய மொழிக்கான இடம் அல்ல என்று நினைக்கிறேன். டெல் டோரோ இரண்டு மொழியில் யோசித்து இரண்டிலும் கிறுக்குகிறார். எந்த மொழியில் யோசனை வருகிறதோ அதிலேயே பிடித்துவிடுகிறார். நம் பிள்ளைகளுக்கும் யோசனை ஆங்கிலத்தில் வந்தால் அது தப்பி ஓடுமுன் எழுதிக்கொள்ளட்டும். வரைந்துகொள்ளட்டும். பேச்சுவழக்கில் கிறுக்கட்டும். கட்டுரைத் தாளுக்கு வரும்போது தமிழ் தேவைப்படும், அப்போது தேடுவார்கள். 'தேய்ந்த', 'கன்றிப்போன', 'மழுங்கிய', 'நைந்த' என்ற நான்குக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மின்தூக்கிப் பேய் வந்த பிறகுதான் என் வகுப்பு கேட்டது. நானாகச் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. திட்டமிடும் தாளிலேயே சிவப்பு மையோடு நுழைந்துவிட்டால் மறுபடி பழைய கோரைப் பல்தான் வரும், ஏனென்றால் அதில் பிழை வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

நூலில் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'த டெவில்ஸ் பேக்போன்', 'பான்ஸ் லேபிரிந்த்' பகுதிகளை முதலில் பாருங்கள். 'பிளேட் 2' பகுதியில் தாடை பிளந்து விரியும் இரத்தக்காட்டேரிகள் வருகின்றன. உடற்கூற்றை அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதற்கு அது நல்ல சான்று, ஆனால் கீழ்வகுப்புகளுக்கு வேண்டாம். எடுக்கப்படாமலே போன படங்களுக்கான பகுதியும் உண்டு. யோசனைகள் வீணாவதில்லை, வேறு படத்தில் வேறு உடம்போடு வருகின்றன என்பதை அங்கே பார்க்கலாம்.

திரைப்படத்தை வகுப்பில் போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'பான்ஸ் லேபிரிந்த்' சிறுமியின் கதை என்பதால் சிறுவர் படம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிறிய மனிதன் வரும் காட்சியைக்கூட மூத்த மாணவர்கள் தாங்கிக்கொள்வார்கள். முயல் வேட்டைக்குப் போன விவசாயித் தந்தையையும் மகனையும் கேப்டன் விடால் பிடித்து விசாரிக்கும் காட்சி அப்படியல்ல. கையில் முதலில் ஒரு கண்ணாடிப் புட்டி, பிறகு துப்பாக்கி. இருவரையும் கொன்று முடித்த பிறகு, அவர்கள் பையில் முயல் உண்மையாகவே இருப்பதைப் பார்க்கிறான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும் காட்சி அது. முன்கூட்டியே நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.